செவப்பு சாரின் பாக்கி லிஸ்ட்

பெரம்பலூர், அரியலூர் ஜில்லா இரண்டிலும் சேர்த்து, அடுத்தவர் பாக்கிக்காகத் தனக்குக் காய்ச்சல் வரவழைத்துக்கொண்ட ஒரே மனிதர் எங்கள் செவப்பு சார்தான்.

எங்களுக்குப் பெரம்பலூரில் மாட்டுத் தீவன ஏஜென்சி. நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனால் எந்தக் கடைக்காரர் எத்தனை மூட்டை எடுத்தார், எவ்வளவு தரவேண்டும் என்பதெல்லாம் தலைக்குள் இருக்கும். மகன் கேட்கவில்லை. கம்ப்யூட்டரில் கணக்கு எழுத இவரைக் கொண்டுவந்து உட்காரவைத்தான். ஊர்வாரியாக விற்பனையைக் கூட்டி ஒரு பக்கம். தவணை தாண்டிய பில்லெல்லாம் இன்னொரு பக்கம். முப்பது நாள் தாண்டினால் அந்த வரி தானாகச் சிவக்கும். வரி சிவந்தால் இவர் முகம் வெளுக்கும். அதனால் வந்த பெயர்.

தா.பழூர்ப் பக்கம் நெல் அறுத்தால்தான் பணம். அதுவரை அந்த ஊர் மொத்தமும் சிவப்பு. "அறுப்பு வரட்டும் சார்" என்பேன். "கம்ப்யூட்டருக்கு அறுப்பு தெரியாதும்மா" என்று மாத்திரை போட்டுக்கொள்வார். போனில் பாக்கி கேட்டுவிட்டு, கேட்டதற்கு மன்னிப்பும் கேட்பார். தன் மாமியார் வீட்டில் இரவல் வாங்கிய இட்லிப் பானையைக்கூட லிஸ்டில் ஏற்றியிருந்தார். அறுபத்து நாலு நாள். சிவப்பு.

ஒரு திங்கட்கிழமை காலை லப்பைக்குடிக்காட்டுக் கடை பாய் போனில் வந்தார். மூட்டை இறங்குமுன் பணம் அனுப்புகிறவர் அவர்.

"என்னம்மா, உங்க சாரு எழுபது நாள் பாக்கின்னு மெசேஜ் அனுப்பிருக்காரு? அல்லா மேல ஆணையா, ஒரு நா கடன் வச்சிருப்பனா? சாயங்காலத்துக்குள்ள வெவரம் வரணும். இல்லாட்டி வேற ஏஜென்சி பாத்துக்கறேன்."

பாய் கடை போனால் பாதி வியாபாரம் போயிற்று.

"சார், லிஸ்டைப் படிங்க."

ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படித்தார். "பாய் கடை, எழுபது நாள். தா.பழூர், பாக்கி இல்லை..."

"நிறுத்துங்க. அங்க இன்னும் கதிரே வரலை, பணம் எங்கேருந்து வந்துச்சு? திருமழபாடி?"

"நாப்பது நாள்மா."

"அவரு வெள்ளிக்கெழமை நேர்ல வந்து குடுத்துட்டுப் போனாரு. நீங்கதான சார் காப்பி வாங்கிக் குடுத்தீங்க?"

விஷயம் இதுதான். கடைப் பெயர்களை அகரவரிசையில் அடுக்கப்போய், பெயர்க் கட்டங்களை மட்டும் அடுக்கியிருக்கிறார். பெயர்கள் இடம் மாறிவிட்டன. பாக்கிகள் நின்ற இடத்திலேயே நின்றன.

"வேலையை வுட்டுடறேம்மா" என்று பையை எடுத்தார்.

"பையை வைங்க. நான் சொல்லச் சொல்ல எழுதுங்க."

மதியச் சோற்றை மறந்து ஒவ்வொரு கடையாக வாயால் சொன்னேன். பில்லோடு ஒத்துப் பார்த்தார், ஒன்றுகூடப் பிசகவில்லை. மூன்று மணிக்கு லிஸ்ட் நேரானது. கடைசியில் அவரே ஒரு வரி சேர்த்தார்: 'பாயிடம் மன்னிப்பு.' தொகைக் கட்டம் காலி. அப்படியே பஸ் ஏறிப் போனார்.

ஐந்தரைக்கு பாய் போன் செய்தார். "என்னம்மா, இந்த மனுசன் கடை வாசல்ல நின்னு அழுவுறாரு. யாவாரம் பாக்க முடியலை. லோடை வழக்கம்போல அனுப்புங்க, மொதல்ல இவரைக் கூப்புட்டுக்குங்க!"

மறுநாள் அந்த வரியைப் பச்சையாக்கிவிட்டுத்தான் சார் காப்பி குடித்தார்.

இப்போது திருச்சியில் மகள் வீட்டோடு போய்விட்டார். "மாசம் ஒரு தடவ வந்துட்டுப் போறேம்மா" என்றார். இரண்டு தடவை வந்தார். கணக்கு எழுதுகிற புதுப் பெண்ணிடம் அவர் பெயரையும் லிஸ்டில் ஏற்றச் சொன்னேன்.

"தொகை எவ்வளவும்மா?"

"அது காலியாவே இருக்கட்டும். நாள் மட்டும் ஓடட்டும்."

இன்றைக்குக் காலையில் அந்த வரி சிவந்துவிட்டது. எனக்கும் மாத்திரை வேண்டும்போல இருக்கிறது.