வின்ஸ்லோ பொறுப்பேற்கிறார்

பொறுப்பு என்னும் அரிய பண்பு மனித உருவெடுத்து ஓஹியோ மாநிலத்தில் வாழ்ந்துவந்தது. அதன் பெயர் மெரிட் வின்ஸ்லோ. கெட்டர்பி நகரத்து ஹெரான்ஸ் பேஸ்பால் அணியின் உரிமையாளர். அணியில் பந்தை விளாசக்கூடியவர்களையெல்லாம் குளிர்காலத்தில் வெளியூர் அணிகளுக்கு விற்றுத் தள்ளிவிட்டு, அந்தப் பணத்தில் மைதானத்துக்குள் நீச்சல் குளம் கட்டினார். கோடையில் அணி தோற்றுக்கொண்டே இருந்தபோது ரசிகர்களால் குளிக்கவாவது முடிந்தது.

இந்தத் தொலைநோக்குப் பார்வை அணியின் மேலாளர் கஸ் பெரிக்குக்குப் பிடிபடவில்லை. ஆட்டத்தில் யார் இறங்குவது, யார் பந்து வீசுவது என்று தீர்மானிப்பவர் அவர். அன்று பந்துவீச்சாளர் எஃப்ரயின் ஓச்சோவா வீசக்கூடாது என்று தீர்மானித்திருந்தார். தோள் வீங்கி, ஓச்சோவாவால் சட்டைக்குள் கையை நுழைக்க முடியவில்லை.

ஆனால் அன்றுதான் டிக்கெட் வாங்குவோருக்கு வாசலில் ஓச்சோவா உருவத்தில் தலையாட்டி பொம்மை இலவசம்; பொம்மைக்குரியவன் வீசாமல் இருப்பதா? வின்ஸ்லோ உடனே 'உயர்மட்டத் தலைமை ஆலோசனை' கூட்டினார். கஸ்ஸுடன் பொது மேலாளர் லூமிஸும் வந்தார். வீரர்களைத் தேர்ந்தெடுப்பது அவர் பணி. அதாவது, வின்ஸ்லோ தேர்ந்தெடுத்ததும் ஆமோதிப்பது.

வெளியே, அவமானத்தில் காகிதப் பையைத் தலையில் மாட்டிக்கொண்ட ரசிகர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"கேக்குதா கஸ்? உங்களைப் போகச் சொல்றாங்க," என்றார் வின்ஸ்லோ.

"டீமை வித்துட்டுப் போன்னுதான் சார் கத்துறாங்க. டீம் என்னோடது இல்லையே."

"வார்த்தையைப் பிடிச்சுத் தொங்காதீங்க. உணர்ச்சியைப் பாருங்க. லூமிஸ், நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"உணர்ச்சி ரொம்பத் தெளிவா இருக்கு சார்," என்றார் லூமிஸ்.

"ஓச்சோவா வீசட்டும் கஸ். நாமெல்லாம் ஒரே குடும்பம்."

"குடும்பத்துல கை வீங்கினவனைத் தட்டு கழுவக்கூட விடமாட்டாங்க சார். இன்னைக்கு வீசினா அவனுக்கு இனிமே பேஸ்பாலே கிடையாது."

"இந்த எதிர்மறைச் சிந்தனையாலதான் தோக்குறோம்."

கஸ் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அப்ப வேற ஆளைப் பாத்துக்குங்க."

யாராவது 'இருங்க' என்பார்கள் என்று கதவருகே ஒரு கணம் தயங்கினார். லூமிஸ் விட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அன்றே புதிய மேலாளராக வின்ஸ்லோவின் மைத்துனர் டேலன் பதவியேற்றார். பேஸ்பால் தெரியாது, ஆகவே முன்முடிவுகளும் கிடையாது. ஓச்சோவாவை வீச அனுப்பி, "தோள் வலிக்கலைன்னு நம்பு," என்று ஊக்கமூட்டினார். ஓச்சோவா நம்பினான். தோள் நம்பவில்லை.

காரில் வானொலியில் ஆட்ட வர்ணனை கேட்டுக்கொண்டிருந்த கஸ் வண்டியை மருத்துவமனைக்குத் திருப்பினார்.

"வீசலைன்னா ஊருக்குப் போயிடுன்னாங்க கஸ்," என்றான் கட்டிலில் கிடந்த ஓச்சோவா. கை அசையவில்லை.

"தெரியும்ப்பா. நான் அங்கேயே நின்னு தடுத்திருக்கணும்."

சுவரிலிருந்த தொலைக்காட்சியில் வின்ஸ்லோ தோன்றினார். முகத்தில் துயரம் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. வீரர்களின் நலனே உயிர் என்றார். லூமிஸும் டேலனும் நீக்கப்பட்டதாக அறிவித்தார். அணியைச் சீரழித்தவர்களைக் கண்டறிய உயர்மட்டக் குழுவும் அமைத்தார்.

ஒரு பெண் நிருபர் எழுந்தார். "லூமிஸ், பெரிக், டேலன், இவங்க எல்லாரையும் வேலைக்கு வச்சது யார் சார்?"

வின்ஸ்லோ பேனாவை எடுத்துக் கேள்வியைக் குறித்துக்கொண்டார்.

"நல்ல கேள்வி," என்றார். "அந்த ஆளையும் குழு விட்டுவைக்காது."