நலமுள்ளவர் பதினேழு

அன்பு மகளுக்கு அப்பாவின் ஆசீர்வாதம்.

இங்கு உன் அம்மா நலம், நான் நலமில்லை.

போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் நம் வீட்டில் மெதுவாகப் பேசினால்தான் உன் அம்மாவுக்கு நன்றாகக் காது கேட்கும். அதனால் மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

குடல் அழற்சி நோயைப் பற்றி வருஷக்கணக்காக ஆராய்ச்சி செய்கிற என் மகள், "நோயாளிங்க வரிசையில நிக்கறாங்கப்பா, ஒப்பிட்டுப் பார்க்க நலமா இருக்கறவங்கதான் கிடைக்க மாட்டேங்கறாங்க" என்று புலம்பியபோது, மார்தட்டிக்கொண்டு முன்வந்தவன் நான். மலம் பிடித்துத் தர நீ அனுப்பிய டப்பாவில் ஒட்டியிருந்த 'நலமுள்ளவர் பதினேழு' என்ற சீட்டைப் பார்த்து வந்த பெருமை, பதவி உயர்வு கிடைத்தபோதுகூட வரவில்லை. அப்படிப்பட்டவனுக்குப் போன வாரம் போன் பண்ணி, "பயப்படாதீங்கப்பா, உங்க டப்பாவுல அழற்சி அளவு ரொம்ப அதிகமா இருக்கு, உள்ளே கேமரா விட்டுப் பார்க்கணும், ரத்தம் கித்தம் போகுதா?" என்கிறாய். பயப்படாதே என்று சொல்லிவிட்டு யாராவது கேமராவைப் பற்றிப் பேசுவார்களா?

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அதுவரை வயிறு என்று ஒன்று இருப்பதே எனக்கு ஞாபகமில்லை. இப்போது அதைத் தவிர வேறெதுவும் ஞாபகமில்லை. உட்கார்ந்தால் வலிக்கிறது, எழுந்தால் வலியைக் காணோம், எங்கே போச்சுன்னு அது வேறே கவலை. தெருமுனை மருந்துக்கடைக்காரர் "என்ன சார், இளைச்சுட்டீங்க"ங்கறார், எடை மெஷின்ல ஏறினா ஒரு கிலோ கூடியிருக்கு, சரி, உள்ளே வீங்கித்தான் போச்சுன்னு முடிவு பண்ணிட்டேன். ஜன்னல் பக்கம் கண்ணாடியை வெச்சு நாக்கை நீட்டிப் பார்த்துக்கிட்டிருந்தேனா, பக்கத்து வீட்டுக்காரர் தனக்குத்தான் பழிப்புக் காட்டறேன்னு நினைச்சுப் பேச்சையே நிறுத்திட்டார். ரத்தம் போகுதான்னு பார்க்கலாம்னு பாத்ரூமுக்கு ஓடினா உள்ளே உங்கம்மா. கொஞ்ச நேரம் கழிச்சுப் போனா மறுபடியும் உங்கம்மா. மனுஷன் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு வெளியே நிக்கறான், "வரேங்க, வரேங்க"ன்னு குரல் மட்டும் வருது. இனிமே காரம் போடாதேன்னா, "ரெண்டு மாசமா காரமே போடறதில்லை, இப்பத்தான் தெரியுதா?"ங்கறா. அவ கவலையே வேறே. மோதிரம் விரல்ல நிக்கலையாம், நூல் சுத்திப் போட்டுக்கிட்டிருக்கா. தங்கம் நீண்டுடுச்சாம்! வீட்டுல ஒருத்தன் செத்துக்கிட்டிருக்கறப்ப மோதிரப் பேச்சு!

உண்மையைச் சொன்னால், கேமராகூட எனக்குப் பெரிய பயமில்லை. நான் போய்விட்டால் உன் அம்மா யாரிடம் கோபித்துக்கொள்வாள் என்பதுதான். அதனால் அவளிடம் மூச்சுவிடவில்லை, நீயும் விடாதே. கேமராவுக்கு நான் வருவதாக இல்லை. இன்னொரு டப்பா அனுப்பு, இந்த முறை நன்றாகத் தயார் செய்துகொண்டு தருகிறேன்.

உன் ஆராய்ச்சி ஓங்கட்டும். மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்து வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் பதினேழாம் நம்பர் அப்பா.

பி.கு.: உறைக்குப் பசை தேடிப் போன நேரத்தில் உன் அம்மா இதைப் படித்துவிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு நான் நிரப்பி வைத்த டப்பா அவள் கைதவறிக் கொட்டிவிட்டதாம். உன் ஆய்வகத்து ஆள் வாசலில் நிற்கிறான், உன் வேலை கெடக்கூடாது என்று, அதே நம்பர் ஒட்டி நீ உபரியாக அனுப்பியிருந்த டப்பாவில் தன்னுடையதை வைத்துக் கொடுத்துவிட்டாளாம். ரெண்டு மாசமா ரத்தம் போகுதாம். மூலநோயாக இருக்கும் என்று இருந்துவிட்டாளாம். "உன் பொண்ணுகிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன். "நாள் முழுக்க இதைத்தானே பார்க்கறா, வீட்டுக்குப் பேசறப்பவும் இதேதானா, பாவம்"ங்கறா.

என் வயிற்றுவலி அந்த நிமிஷமே நின்றுவிட்டது. போனில் சொல்ல வாய் வரவில்லை. நாளை முதல் பஸ்ஸில் அவளை அழைத்துக்கொண்டு வருகிறேன், கேமராவைத் தயாராக வை. கடிதத்தை நேரிலேயே தருகிறேன். முதல் வரியில் மட்டும் எங்கள் இரண்டு பேரையும் இடம் மாற்றிப் படித்துக்கொள்.