தனிமை நாடும் இருபத்திரண்டு வண்டிகள்

மனிதன் இயற்கையை எத்தனையோ விதமாக வணங்கியிருக்கிறான். ஆனால் தென்னாப்பிரிக்காவில், பிரிட்டோரியாவின் 'காட்டுத் தனிமை நாடுவோர் சங்கம்' வணங்கிய விதத்துக்கு ஈடு இணை கிடையாது. ஊர்ச் சந்தடி பொறுக்காமல், ஆண்டுதோறும் இருபத்திரண்டு வண்டிகளில் ஒன்றாகக் கிளம்பி, அந்தச் சங்கத்தார் தனிமையில் ஆழ்வார்கள்.

அணித்தலைவர் ஃபானி ஃபெர்மாக். காட்டில் எளிமையாக வாழவேண்டும் என்பது அவருடைய கொள்கை. ஆகவே அவர் வண்டியின் கூரையில் ஒரு கூடாரம், உள்ளே இரண்டு குளிர்பெட்டிகள், தண்ணீர்த் தொட்டி, வெந்நீர்க் குழாய், மணலில் புதைந்த வண்டியை இழுக்கும் இயந்திரம், அது மக்கர் செய்தால் உதவ இன்னொரு இயந்திரம், இவ்வளவுதான் இருந்தன. இத்தனை எளிமைக்கும் இடம் போதவில்லை. ஒரே ஒரு சாமானை மட்டும் இறக்கிவிட வேண்டியதாயிற்று. அது அவர் மனைவி எல்சாபே.

அவள் தன் தம்பி டிர்க்கின் வண்டியில் ஏறிக்கொண்டாள். அது காய்கறி வாங்கக் கடைக்குப் போகிற சின்ன கார். கூரையில் ஒன்றுமே கிடையாது. சங்கத்துக்கே அது தலைக்குனிவு என்பதால் வரிசையில் கடைசியாக வர அனுமதித்திருந்தார்கள்.

ஃபானியிடம் இல்லாதது ஒன்றுதான். இத்தனை ஆண்டுகளில் அவர் ஒரு சிறுத்தையைக்கூடப் பார்த்ததில்லை. டிர்க் பலமுறை பார்த்துவிட்டான். ஒருமுறை காப்பியில் ரஸ்க்கை முக்கிக்கொண்டே பார்த்தான். இது ஃபானியின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

கிளம்பும்போதே எல்சாபே கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இத பாரு ஃபானி. ஏணியில ஏறி ஏறிப் படுத்து என் இடுப்பு விட்டுப்போச்சு. இந்தத் தடவை நீ உன் கண்ணால ஒரு சிறுத்தையப் பாரு. இல்லைன்னா அடுத்த லீவு கடல்தான். கட்டில் போட்ட ரூம்."

"கடலா? அங்க ஒரே கூட்டமா இருக்குமே!" என்று பதறினார் ஃபானி. அவர் பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்ததில் அவள் பதில் யாருக்கும் கேட்கவில்லை.

வனவிலங்குப் பூங்காவில் முதல் நாள் மாலை, தீ மூட்டி சாஸேஜ் சுட்டார்கள். தீக்கும் இடுக்கிக்கும் அணித்தலைவரே உரியவர். வேறொருவர் இடுக்கியைத் தொடுவது செங்கோலைப் பறிப்பதற்குச் சமம். இடுக்கியை உயர்த்திப் பிடித்தபடி, கூடாரத்தின் உறையை அவிழாமல் கட்டுவது எப்படி என்று ஃபானி ஒரு பேருரை ஆற்றினார். சாஸேஜ் கருகிய பிறகுதான் முடித்தார்.

மறுநாள் காலை, வறண்ட ஆற்றோரம் பாதை வளைகிற இடத்தில், அவர் கட்டிய முடிச்சே அவிழ்ந்தது. உறை இடப்பக்கம் படபடவென்று அடித்தது. ஃபானி வண்டியை நிறுத்திவிட்டு இடப்பக்கம் எட்டிப் பார்த்தார். பூங்காவுக்குள் வண்டியைவிட்டு இறங்கக் கூடாது. அதைவிடக் கண்டிப்பான எழுதாத சட்டம் ஒன்றும் உண்டு. ஒரு வண்டி நின்றால் அடுத்ததும் நிற்க வேண்டும், 'என்ன தெரியுது?' என்று கேட்க வேண்டும். 'ஒண்ணுமில்லை' என்கிற பதிலை இதுவரை யாரும் நம்பியதில்லை.

வாக்கிடாக்கி கரகரத்தது. இரண்டாம் வண்டியிலிருந்து செயலாளர் லூரென்ஸ் மாமா.

"அணித்தலைவரே, ஏன் நின்னுட்டீங்க? என்ன தெரியுது? ஓவர்."

முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்று சொல்ல முடியுமா? எதிரே ஒரு முட்புதர் இருந்தது. ஃபானி அதை உற்றுப் பார்த்தார்.

"சிறுத்தை," என்றார். பிறகு, பேசி முடித்தால் சொல்லியே ஆகவேண்டும் என்ற விதிப்படி, "ஓவர்."

அவ்வளவுதான். எல்லாத் தலைகளும் இடப்பக்கம் திரும்பின.

"காது தெரியுது! ஓவர்."

"வாலு ஆடுது! ஓவர்."

"கல்லு மாதிரியில்ல இருக்கு? ஓவர்," என்றார் ஒருவர். புது உறுப்பினர் என்பதால் மன்னிக்கப்பட்டார். சற்று நேரத்தில் சிறுத்தைக்கு இரண்டு குட்டிகளும் பிறந்தன.

கடைசி வண்டியில் டிர்க் உப்புக்கண்டத்தை மென்றுகொண்டிருந்தான். மெல்லுவதை நிறுத்தினான்.

"அக்கா. வலப்பக்கம். மெதுவாத் திரும்பு."

பாதைக்கு அடியில் இருந்த மதகிலிருந்து சிறுத்தை ஏறி வந்தது. பாதையோரம் உட்கார்ந்தது. வளைவில் வரிசையாக நின்ற வண்டிகளின் பின்புறங்களை, தேர் பார்க்க வந்த மாதிரி, நிதானமாகப் பார்த்தது. பிறகு முன்னங்காலை நக்கத் தொடங்கியது.

எல்சாபேக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது. "இவ்ளோ அழகாடா இது?" என்றாள். மறுகணமே வாக்கிடாக்கியை எடுத்தாள்.

"வேணாம்க்கா," என்று தடுத்தான் டிர்க். "மச்சான் பார்த்துட்டா உனக்குக் கடல் போச்சு."

"போனாப் போகுதுடா. பாவம், எத்தனை வருஷமா ஏங்குறான்," என்றவள் பொத்தானை அழுத்தினாள். "ஃபானி! வலப்பக்கம் பாரு! சிறுத்தை!"

"கடைசி வண்டி ஒழுங்கைக் கடைப்பிடிக்கவும்," என்றது ஃபானியின் குரல். "சிறுத்தையைப் பார்க்கும்போது சிறுத்தையைப் பற்றிப் பேசித் தொந்தரவு செய்யக் கூடாது. ஓவர்."

"தலையத் திருப்பினாப் போதும்யா, மனுஷா!"

"நீ ஓவர் சொல்லலை. ஓவர்."

எல்சாபே வாக்கிடாக்கியைப் போட்டுவிட்டு ஃபோனில் ஒரு படம் எடுத்தாள். சிறுத்தை எழுந்து, கொட்டாவி விட்டு, போய்விட்டது.

அன்று மாலை தீயைச் சுற்றிச் சங்கம் கூடியது. சிறுத்தையின் கண்ணில் தெரிந்த தாய்ப்பாசத்தை ஃபானி விவரித்தார். புது உறுப்பினர்கூடக் கண் கலங்கினார். ஃபானியை ஆயுட்கால அணித்தலைவராக்க வேண்டும் என்று லூரென்ஸ் மாமா முன்மொழிந்தார். எல்சாபே ஃபோனை நீட்டினாள். அது கைமாறிக் கைமாறிப் போயிற்று.

"அட, என் கூடாரம் என்ன எடுப்பா விழுந்திருக்கு!"

"என் ஸ்டெப்னியப் பாருங்க, பளபளங்குது!"

கடைசியில் ஃபானி வாங்கிப் பார்த்தார். "பிரமாதம். சங்கத்துக் காலண்டருக்கு இதையே அட்டைப்படமாப் போட்டுடலாம். ஆனா முன்னால என்னமோ புள்ளி புள்ளியா உட்கார்ந்து என் வண்டிய மறைக்குது. அதை வெட்டிடுங்க."

டிர்க்குக்குப் புரையேறியது. எல்சாபே எழுந்து வந்து, கணவன் கையிலிருந்த இடுக்கியைப் பிடுங்கினாள். சபை மூச்சடைத்துப் போயிற்று. அவள் நிதானமாக சாஸேஜைப் புரட்டினாள்.

"தாராளமா வெட்டிக்கோ. நான் கடலுக்கு ரூம் போட்டுடறேன்."

ஃபானி படத்தை மறுபடி பார்த்தார். முகம் பேயறைந்தது போலாயிற்று.

"எல்சாபே... இது எப்போ?"

"நான் ஓவர் சொல்லாதப்போ."

ஃபானி தோற்ற பந்தயத்துக்குக் கட்டுப்படுபவர். அடுத்த விடுமுறைக்குக் கடலுக்கே போனார். அவரைத் தனியே விட மனமில்லாமல் சங்கமும் கூடவே போயிற்று. எல்சாபே கட்டில் போட்ட ரூமில் நன்றாகத் தூங்கி எழுந்து, தம்பியோடு மணலில் உட்கார்ந்து காப்பியில் ரஸ்க் முக்கிக்கொண்டிருந்தாள். சங்கத்தார் வண்டிகளை வட்டமாக நிறுத்தி, கடலுக்கு முதுகைக் காட்டி அமர்ந்து, முடிச்சுகளைப் பற்றிய திருத்தப்பட்ட பேருரையைக் கேட்டார்கள். அப்போது அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு திமிங்கிலம் எழும்பி விழுந்தது.

'பின்பக்கமிருந்து வரும் இரைச்சல் இயற்கையை ரசிக்க இடையூறாக உள்ளது' என்று சங்கம் ஒருமனதாகக் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியது.