பஞ்சாட்சரம் சார் ஜெயித்த பின்னறை

இந்தச் சம்பவம் நடந்தபோது நான் அங்கே இல்லை. பஞ்சாட்சரம் சார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நாங்கள் இருவரும் மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறி தரமணியில் இறங்குகிறவர்கள். ஒரே அலுவலகம். அவர் ஸ்டோர்ஸ் சூப்பரின்டென்டென்ட். நான் சேர்ந்து பதினோரு மாதம் ஆன பயிற்சிப் பொறியாளர். ஒரு பயணத்துக்குக் கால் மணி நேரம். கதை முடிய ஒன்றரை மாதம் ஆனது. அவர் சொல்வதில் பாதியைத்தான் நம்பலாம் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். எந்தப் பாதி என்று யாரும் சொல்லாததால் முழுவதையும் எழுதுகிறேன்.

சாரின் மகள் கோயம்புத்தூரில் படிக்கப் போனதும் வீட்டில் பின்னறை காலியானது. மறுநாளே அதில் ஒரு பெரிய மேசை நுழைந்தது. அதன் மேல் தண்டவாளம், ஸ்டேஷன், பஞ்சில் செய்த மரங்கள். ஆள்காட்டி விரல் அகலத்தில் இரண்டு ரயில்கள், ஒவ்வொன்றுக்கும் ஆறு பெட்டிகள்.

"பொம்மை ரயில்னு நினைக்காத தம்பி, இது டிஜிட்டல்" என்றார் சார். "தண்டவாளத்துல எப்பவும் கரன்ட் ஓடிக்கிட்டே இருக்கும். அதுலயே உத்தரவும் போகும். ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு நம்பர். மூணு கிளம்புன்னா மூணு மட்டும்தான் கிளம்பும், ஏழு அசையாது. என் வீட்ல நான் சொன்னா கேக்கற ரெண்டே பேர் அந்த மூணும் ஏழும்தான்."

ஒரே கம்பியில் மின்சாரமும் போய், பெயர் சொல்லிக் கூப்பிடும் குரலும் போகிறது. பாடமாகப் படித்தபோது எனக்கு மதிப்பெண்தான் தெரிந்தது. அன்று கிரீன்வேஸ் சாலை ஸ்டேஷனில் வண்டி நின்றபோது பக்கத்துத் தண்டவாளத்தை ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தேன். கொஞ்சம் மரியாதையாகவே பார்த்தேன்.

பிரச்சினை பிள்ளையார் சதுர்த்தி அன்று வந்தது. சாரின் மனைவி தேவானை அம்மா ரவிக்கைக்கு ஆரி வேலை செய்வதில் கெட்டிக்காரர். துணியை ஃபிரேமில் இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் பூவும் மயிலும் போட்டு, நடுவில் கடுகளவு கல் பதிப்பார்.

"ஏங்க, விஜயதசமிக்கு ஆரி கிளாஸ் ஆரம்பிக்கப் போறேன். எட்டுப் பேர் சேந்துட்டாங்க. பின்னறை வேணும்."

"பின்னறையா? அங்க ஜங்ஷன் இருக்கு."

"ஜங்ஷனை மொட்டை மாடிக்கு மாத்துங்க."

"மழை பெஞ்சா?"

"நெஜ ரயிலு மழையில ஓடலையா?"

அப்போது கீழ் வீட்டு ஹாஜிரா பீ கொழுக்கட்டை வாங்கிப்போக மேலே வந்திருந்தார். எட்டுப் பேரில் அவரும் ஒருவர். அவர் சொன்னார்:

"இன்னா சார், ரெண்டு வண்டி வச்சிக்கினு ஒண்ணைத்தான் ஓட்டிக்கினு கீறீங்க. இன்னொண்ணு எப்பவும் படுத்துக்கினு கீது."

இது சாரின் மானத்தைத் தொட்டுவிட்டது. ஒரே பாதையில் இரண்டையும் விட்டால் மோதிவிடும் என்பதால்தான் ஒன்றை நிறுத்தி வைத்திருந்தார். எழுந்து நின்று அறிவித்தார்: "விஜயதசமிக்குள்ள ரெண்டையும் ஒரே லைன்ல விடறேன். அரை மணி நேரம். நான் கை வைக்க மாட்டேன். மோதாம ஓடுச்சுன்னா பின்னறை எனக்கு."

"மோதினா?" என்றார் தேவானை அம்மா.

"உனக்கு."

"மோதலைன்னா எனக்கு என்ன?"

"பின்னறை தவிர மிச்ச வீடு பூரா உனக்கு! நான் ஒரு வார்த்தை கேட்டா ஏன்னு கேளு!"

"இப்படித்தான் போன தடவையும் சொன்னீங்க. எழுதிக் குடுங்க."

சார் இருபத்தாறு வருடம் ஸ்டோர்ஸில் இருப்பவர். எழுத்து என்றால் விடமாட்டார். 'மேற்படி பின்னறை நீங்கலாக, வீட்டின் ஏனைய பகுதிகளின் பயன்பாடு குறித்து நான் எவ்வித ஆட்சேபணையும் எழுப்பமாட்டேன்' என்று எழுதி, தேதி போட்டு, ஹாஜிரா பீயிடம் சாட்சிக் கையெழுத்தும் வாங்கினார்.

அடுத்த மூன்று வாரம் சார் மேசைக்கு அடியில் வாழ்ந்தார். காபியும் அங்கேதான் போனது. தண்டவாளத்தை எட்டுத் துண்டாக நறுக்கினார். துண்டுக்கு ஒரு தனி வயர், மின்சாரத்தை உணரும் ஒரு சென்சர். எஞ்சின் எந்தத் துண்டில் இருக்கிறதோ அந்தத் துண்டில் மின்சாரம் இழுக்கும். இழுத்தால் சென்சருக்குத் தெரியும். தெரிந்தால் அந்தத் துண்டுக்குச் சிவப்பு விளக்கு எரியும். பின்னால் வருகிற வண்டி தானாகவே நிற்கும். கண் கிடையாது, கேமரா கிடையாது. யார் எங்கே நிற்கிறார்கள் என்று அவர்கள் குடிக்கிற மின்சாரத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுகிறது. எனக்குப் புல்லரித்தது.

"மேனுவல்ல இப்படித்தான் போட்டிருக்கா?" என்று தேவானை அம்மா மேசைக்கு மேலிருந்து கேட்டாராம்.

"மேனுவலா? அது குளிர்நாட்டுக்காரனுக்கு எழுதினது. நம்ம ஊர் வெயிலுக்கு ஒத்து வராது."

"அப்ப அந்தப் புத்தகத்தை நான் எடுத்துக்கட்டுமா?"

"தாராளமா. வடாம் காய வைக்கறப்ப பேப்பர் பறக்காம மேல வை."

சோதனை ஓட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மூன்றாம் நம்பர் நான்காவது துண்டில் ஓடி, ஐந்தாவதில் எஞ்சினை நுழைத்து ஸ்டேஷனில் நின்றது. ஐந்தில் சிவப்பு. அதுவரைக்கும் அற்புதம். ஆனால் அதன் வால், நாலு பெட்டி, இன்னும் நான்காவது துண்டிலேயே இருந்தது. பெட்டிக்கு மோட்டார் கிடையாது, விளக்கு கிடையாது. மின்சாரமே குடிக்காது. சென்சரைப் பொறுத்தவரை அங்கே யாருமே இல்லை. நான்கில் பச்சை எரிந்தது. ஏழாம் நம்பர் முழு வேகத்தில் வந்தது.

கடைசிப் பெட்டி பறந்து போய், வேடிக்கை பார்க்க வந்திருந்த ஹாஜிரா பீயின் மடியில் இறங்கியது.

"ஐய, நான் டிக்கெட்டே எடுக்கல சார்!"

தேவானை அம்மா சிரிக்கவில்லையாம். அதுதான் சாரை மிகவும் வாட்டியது. பெட்டியை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, "பாவம்ங்க. இன்னும் ரெண்டு வாரம் இருக்கே, விடாம பாருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சார் விடவில்லை. மூன்று நாள் யோசித்தார். நான்காம் நாள் ரயிலில் என்னிடம் முடிவைச் சொன்னார்.

"வயர் கலர் சரியில்ல தம்பி. நாலாவது துண்டுக்குக் கறுப்பு வயர் போட்டுட்டேன். நல்ல காரியத்துக்குக் கறுப்பு ஆகுமா? எல்லாத்தையும் மஞ்சளா மாத்தறேன்."

"சார், வயர் எந்த நிறமா இருந்தாலும்..."

"மஞ்சள் மங்களகரம். நீ சின்னப் பையன்."

எட்டுத் துண்டுக்கும் மஞ்சள் வயர் போட்டு முடிக்க ஒரு வாரம் ஆனது. காலையில் கொஞ்சம், அலுவலகம் விட்டு வந்ததும் கொஞ்சம். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் இரண்டு ரயிலையும் விட்டுப் பார்த்தார். மோதவில்லை. மூன்றாம் நம்பரின் வால் நான்காவது துண்டில் நின்றது. நான்கில் சிவப்பு. ஏழாம் நம்பர் வந்து, தயங்கி, கைகட்டி நிற்பது போல் நின்றது. மறுபடி விட்டார். மறுபடி நின்றது. சார் தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுததாகச் சொன்னார். இந்தப் பாதியை நான் நம்புகிறேன்.

ஆயுத பூஜை அன்று எஞ்சினுக்கும் சென்சருக்கும் சந்தனம், குங்குமம். பூஜைக்கு வைத்த கருவியை அன்று தொடக் கூடாது என்று தேவானை அம்மா அறையைச் சாத்தி வைத்தார். விஜயதசமி காலை திறந்தால், வண்டியே இல்லாத ஆறாவது துண்டில் சிவப்பு எரிகிறது. சாருக்கு வியர்த்துவிட்டது. மேசைக்கு அடியில் பாய்ந்தார்.

"எங்க போறீங்க? தண்டவாளத்துக்கே சந்தனம் வச்சிருக்கீங்க பாருங்க. ஈரம் காயல. ரெண்டு கம்பிக்கும் நடுவுல கரன்ட் அது வழியா ஓடுது" என்றார் தேவானை அம்மா. துணியால் ஒரு துடை. பச்சை.

"உனக்கெப்படித் தெரியும்?"

"குத்துமதிப்பா சொன்னேன்."

அரை மணி நேரம் இரண்டு ரயில்களும் ஓடின. நின்றன, வழிவிட்டன, மறுபடி ஓடின. சார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். இருபத்தொன்பதாவது நிமிடம் ஹாஜிரா பீயே, "மாஷா அல்லா, மனுசனுங்க கூட இப்படி நின்னு போவ மாட்டானுங்க" என்று சொல்லிவிட்டார்.

"ஜெயிச்சுட்டீங்க. பின்னறை உங்களுக்கு" என்றார் தேவானை அம்மா. பிறகு படிக்கட்டுப் பக்கம் திரும்பி, "ஏம்மா, ஃபிரேமை எல்லாம் மேல கொண்டாங்க!" என்றார்.

எட்டு ஃபிரேம்கள் முன் ஹாலுக்குள் வந்தன. சாரின் ஈஸி சேர் பால்கனிக்குப் போனது. டி.வி. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது.

"என்ன தேவானை இது? ஹாலை..."

தேவானை அம்மா, சதுர்த்தியன்று எழுதி வாங்கிய தாளை நீட்டினார். கீழே சாரின் சொந்தக் கையெழுத்து, தேதியோடு.

இதைச் சொல்லும்போது சார் வருத்தப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. "ஹால் போனா போவுது தம்பி. சர்க்யூட் ஜெயிச்சுதே! ஆரி கிளாஸுக்கு வர்ற பொம்பளைங்களோட பசங்க ஏழு பேர் தினம் என் ரூமுக்குத்தான் வருதுங்க. கிளாஸ் முடியற வரைக்கும் நகர மாட்டேங்குது. அவ்வளவு மவுசு!" அத்துடன் அவர் கதை முடிந்தது.

எனக்கு முடியவில்லை. பெட்டி மின்சாரம் குடிக்காது. குடிக்காத பெட்டி சென்சருக்குத் தெரியாது. வயர் மஞ்சளானதும் எப்படித் தெரிந்தது? ஒன்று சார் சொன்னது பொய்யாக இருக்க வேண்டும், அல்லது நான் நான்கு வருடம் படித்தது பொய்யாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். இரண்டாவதாக இருந்தால் அப்பாவிடம் எப்படிச் சொல்வது? இந்தக் கவலையில் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சனிக்கிழமை சார் வீட்டுக்கே போய்விட்டேன்.

சார் பால் வாங்கப் போயிருந்தார். தேவானை அம்மாவிடம் அனுமதி கேட்டு, கடைசிப் பெட்டியை எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். சக்கரங்களை இணைக்கும் அச்சின் மேல், கடுகில் பாதி அளவுக்கு ஒரு ரெசிஸ்டர். இரண்டு பக்கமும் வெள்ளிப் பெயின்டில் ஒரு புள்ளி. ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரத்துக்குத் துளி மின்சாரம் போக வழி. அந்தத் துளி போதும், சென்சருக்குப் பெட்டி தெரிந்துவிடும். கல்லூரி ஆய்வகத்தில் நான் வைத்த எதுவும் இவ்வளவு நேராக உட்கார்ந்ததில்லை. ரவிக்கையில் கல் பதித்தது போல் இருந்தது.

"நீங்களாம்மா?"

"மேனுவல்ல நாப்பத்தோராம் பக்கத்துல போட்டிருக்கு தம்பி. ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடையில போய் வாங்கினேன். அவர் ஆபீஸ் போனப்புறம் தினம் ரெண்டு பெட்டி. கல்லு ஒட்டற ட்வீசர்தான்."

"ஆனா அவர் தோத்திருந்தா பின்னறை உங்களுக்குத்தானேம்மா?"

"பத்துக்குப் பத்து ரூம். எட்டு ஃபிரேமை எங்க போடறது?" என்றார் அவர். "ஹாலைக் கேட்டிருந்தா, சாமி சத்தியமா குடுத்திருக்க மாட்டாரு."

பெட்டியைத் தண்டவாளத்தில் அலுங்காமல் வைத்தேன். மற்ற பதினொன்றையும் புரட்டிப் பார்த்தேன். பெட்டிக்கு இரண்டு, மொத்தம் இருபத்து நான்கு. ஒன்றுகூடக் கோணலில்லை. நான் படித்தது உண்மைதான். அன்று இரண்டு வேளைச் சாப்பாட்டை ஒரே வேளையில் சாப்பிட்டேன்.

கிளம்பும்போது தேவானை அம்மா, "உங்க அக்கா ஷண்முகப்ரியாவுக்கு ஆரி கத்துக்கணும்னு சொன்னீங்களாமே" என்று ஒரு நோட்டீஸைக் கையில் கொடுத்தார். படியில் நின்று படித்தேன். 'விஜயதசமி முதல் ஆரி வகுப்பு. இடம்: முன் ஹால். கைக்குழந்தை, பள்ளிக் குழந்தை உள்ளவர்களும் சேரலாம். வகுப்பு நேரத்தில் பின்னறையில் ரயில் ஓடும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே நம்பகமான ஆள் உண்டு.'

நோட்டீஸின் அடியில் மந்தைவெளி அச்சகம் ஒன்றின் பெயர் இருந்தது. எப்போது அடித்தது என்று போய்க் கேட்டேன். அச்சகக்காரர் முருகையன் கம்ப்யூட்டரில் அந்த நோட்டீஸைத் திறந்து, சேமித்த தேதியைக் காட்டினார்: ஆகஸ்ட் பத்தொன்பது. பஞ்சாட்சரம் சார் பந்தயம் கட்டிய பிள்ளையார் சதுர்த்தி செப்டம்பர் ஏழாம் தேதி.