நாய்க்குக் கிடைத்த அருள்

முக்கால்மூட்டை என்ற கூலியாள் கிடங்கு மேஸ்திரிக்குத் தர வேண்டிய கடன் நூற்று எழுபத்து மூன்று ரூபாய் நாற்பது காசு. அதில் அரிசிக்கு வாங்கியது ஒரு காசு கிடையாது. வாடகைக்கும் இல்லை, மருந்துக்கும் இல்லை. அத்தனையும் அருளுக்கு வாங்கியது.

அருளின் விலை உருண்டைக்கு முப்பது காசு. வேலைக்குப் போகுமுன் ஒன்று, வேலை விட்டதும் ஒன்று, ஆக நாளுக்கு அறுபது காசு. கையில் ரொக்கம் இல்லாதவனுக்கு மேஸ்திரி நோட்டில் எழுதிக்கொள்வார். கடவுள் கடனுக்குக் கிடைத்த இடம் அந்தக் கிடங்கு ஒன்றுதான்.

கிடங்கின் பின்னறையில் உட்கார்ந்திருந்தார், மேஸ்திரி கூட்டி வந்து வைத்த மூட்டை இறக்கும் சாமி. விடியுமுன்பே வரிசை தெரு முனையைத் தொடும். மூட்டை தூக்குகிற ஆட்கள், வண்டி தள்ளுகிறவர்கள், சாக்கு தைக்கிறவர்கள் என்று எல்லாரும் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். சாமியின் உபதேசம் ஒரே ஒரு வரி.

"மகனே, உன் முதுகு நோவுறது நீ தூக்குற மூட்டையால இல்ல. போன பிறவியில இறக்காம விட்ட மூட்டை ஒண்ணு உன் முதுகுல இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. அதை நான் இறக்கறேன்."

மூட்டை தூக்கிப் பிழைப்பவனிடம் மூட்டைக் கணக்கில் பேசினால் நம்பாமல் என்ன செய்வான்? தையற்காரனாக இருந்தால் முதுகில் ஊசி இருக்கிறது என்று சொல்லியிருப்பார்.

மிளகு அளவில் கறுப்பாக ஓர் உருண்டை. நாக்கில் வைத்ததும் கசக்கும். அரை மணி நேரத்தில் முதுகு இருக்கிற இடமே தெரியாது. ஒரு நாள் போகாவிட்டால் வந்தது சாமி கோபம். கொட்டாவி, மூக்கில் தண்ணீர், குளிர், வயிற்றோட்டம், எலும்புக்குள் எறும்பு ஊர்கிற வேதனை. ஊரில் எத்தனையோ தெய்வங்கள் கோபித்துக்கொள்ளும். மூக்கு ஒழுக வைக்கிற தெய்வம் இது ஒன்றுதான். 'போகாததால்தானே வந்தது, அப்படியானால் சாமி நிஜம்தானே' என்று ஆட்கள் ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்டார்கள்.

முக்கால்மூட்டைக்கு அந்தப் பெயர் வந்ததும் அருளால்தான். முன்பு லாரியிலிருந்து கிடங்கு அடுக்குவரை ஒரே மூச்சில் போனவன், இப்போது முக்கால் தூரத்தில் மூட்டையை இறக்கிவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்து கண் செருகுவான். கூலி குறைந்தது, கடன் ஏறியது. சனிக்கிழமைக்குள் பணம் வராவிட்டால் அவன் மனைவியின் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு போவதாக மேஸ்திரி சொல்லி அனுப்பினார். வீட்டில் உலை கொதிப்பதே அந்த மெஷினால்தான்.

மனைவி அழவில்லை. அவனுடைய சட்டைப்பையிலிருந்த உருண்டையை எடுத்து மோந்து பார்த்தாள்.

"எங்கப்பாவுக்கு இதை நான்தான் வாங்கிட்டு வருவேன். அப்போ இதுக்குப் பேரு அபினி."

அபினியின் கதையே பெயர் மாறிய கதைதான். வைத்தியன் கொடுத்தபோது மருந்து. ராஜாங்கங்கள் கப்பல் கப்பலாக விற்றபோது வருமானம். வாங்க மாட்டேன் என்ற தேசத்தின்மேல் பீரங்கி வைத்துச் சுட்டபோது அதற்கு வியாபார உரிமை என்று பெயர். தெருவுக்குத் தெரு லைசென்ஸ் பலகை மாட்டி விற்ற காலமும் இருந்தது. பிறகு சட்டம் வந்தது, பலகை இறங்கியது. விற்கிறவனுக்குத் தாடி முளைத்தது, பண்டத்துக்கு அருள் என்று பெயர் வந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு தகர டப்பாவோடு வந்து வரிசையில் நின்றாள் மனைவி. பின்னால் முக்கால்மூட்டை தலை குனிந்து நின்றான். சாமி கோபித்துக்கொண்டால் மூக்கைத் துடைக்க இப்போதே ஒரு துண்டைத் தோளில் போட்டிருந்தான்.

"சாமி, போன வாரம் கலால் அதிகாரி வந்து கேட்டப்போ என்ன சொன்னீங்க?"

சாமி கண்ணை மூடிக்கொண்டே, உருண்டையில் ஒன்றுமில்லை, வெறும் வெல்லமும் கரியும்தான், எல்லாம் தன் கை விசேஷம் என்று திருப்பிச் சொன்னார்.

"அதான் நானே வெல்லமும் கரியும் உருட்டிட்டு வந்தேன். கசப்புக்குக் காய்ச்சல் மாத்திரை கொஞ்சம். உங்க கையால தொட்டு இவங்களுக்குக் குடுங்க. உங்க டப்பாவுல இருந்து ஒண்ணை எனக்குத் தாங்க. அதை நான் கிடங்கு நாய்க்குப் போடறேன்."

கிடங்கு நாய் சாமியைக் கண்டால் தினமும் குரைக்கிற நாத்திகன். நாய்க்குப் போட்டால் பாவம் என்றார் சாமி. வெல்லத்தைக் கொடுப்பதில் என்ன பாவம் என்று கேட்டாள் அவள். அவரை மாட்டிவிட்டது சந்தேகம்கூட அல்ல, பக்திதான். வரிசையிலிருந்த மூத்த கூலி ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

"சாமி கை பட்டா கல்லே மருந்தாகும். தொட்டுக் குடுங்க சாமி, இந்தப் பொம்பள வாயை அடைப்போம்."

கூட்டமே ஆமோதித்தது. அவள் உருட்டி வந்ததைச் சாமி தொட்டுத் தொட்டுக் கொடுத்தார். அவள் ஒரு நிஜ உருண்டையை ரொட்டித் துண்டில் பொதிந்து, சாமியின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே நாய்க்குப் போட்டாள்.

மதியத்துக்குள் பக்தர்கள் கொட்டாவி விட ஆரம்பித்தார்கள். முக்கால்மூட்டை மூக்கைத் துடைத்துத் துடைத்து, உச்சி வெயிலில் சாக்கைப் போர்த்திக்கொண்டு நடுங்கினான். கும்பிட்டவனுக்கெல்லாம் சாமி கோபம். திட்டு வாங்கித் தின்ற நாயோ வாசலில் கால் நீட்டி, அரைக்கண் மூடி, ஈ உட்கார்ந்ததுகூடத் தெரியாமல் பேரின்பத்தில் கிடந்தது. பத்துக் குரல் கூப்பிட்டும் காது மட்டும்தான் ஆடியது.

முதலில் சிரித்தவர் அந்த மூத்த கூலி. பல் கிட்டிக்க, நடுங்கிக்கொண்டே சிரித்தார்.

"ஏம்ப்பா, நாயி போன பிறவியில எத்தனை மூட்டை தூக்குச்சு?"

மனைவி சொல்லி அனுப்பியிருந்த கலால் அதிகாரி வந்து நாயைப் பார்த்தார், டப்பாவை மோந்தார், சாமியின் தாடியை உற்றுப் பார்த்தார். பழைய லைசென்ஸ் கடையில் தராசு பிடித்தவன்தானே நீ என்று கேட்டார். சாமி தாடியைக் கையால் மறைத்துக்கொண்டார். டப்பாவும் சாமியும் ஜீப்பில் ஏறினார்கள்.

மறுநாள் சனிக்கிழமை. தள்ளுவண்டியோடு மேஸ்திரி வந்தார். அரசு ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்தைக் குடித்துவிட்டுப் பாயில் சுருண்டு கிடந்தான் முக்கால்மூட்டை. மனைவி மெஷின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எடுத்துக்கங்கண்ணே. அதுக்கு முந்தி எதுக்கான கடன்னு அந்த நோட்டுலயே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அருளுக்குன்னா அது பலிக்கல, ஊரே பார்த்துச்சு. அபினிக்குன்னா நோட்டை அதிகாரிகிட்டக் குடுத்துட்டு வாங்க."

மேஸ்திரி நோட்டைப் பார்த்தார், தள்ளுவண்டியைப் பார்த்தார். வாசலில் நாய் எழுந்து நின்றுகொண்டிருந்தது. தெளிந்துவிட்டது போலும், அவரைப் பார்த்துக் குரைத்தது.

பாயிலிருந்து முக்கால்மூட்டை மெல்லத் தலையைத் தூக்கினான். வாழ்நாளில் முதல்முறையாக மேஸ்திரியிடம் ஒரு கேள்வி கேட்டான்.

"கண்ணுக்குத் தெரியாத மூட்டையை இறக்க ஆளு வச்சீங்களே, கண்ணுக்குத் தெரியற மூட்டையில பத்துக் கிலோ குறைக்கணும்னு ஏன் மேஸ்திரி தோணல?"

பதிலுக்குப் பேனாதான் வந்தது. நூற்று எழுபத்து மூன்று ரூபாய் நாற்பது காசின்மேல் மேஸ்திரி குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

இந்தக் கேள்வியை முதல் உருண்டை வாங்குமுன்பே, இருநூற்று எண்பத்தொன்பது நாள் கடனுக்கு முன்னால் கேட்டிருக்கலாம். கேட்பதற்கு ஒரு காசு செலவில்லை.