கம்ப்யூட்டருக்கு ராகு காலம்

ஈப்போ நகரத்திலேயே கம்ப்யூட்டரைப் பஞ்சாங்கம் பார்க்க வைத்த ஒரே மனிதர் எங்கள் 'தேதி அண்ணே'தான். எண்பதுகளில் நான் டைப்பிஸ்டாக இருந்த வக்கீல் ஆபீசில் அவர் தலைமைக் கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா.

அந்தப் பெட்டி வந்து இறங்கியபோது நாங்கள் பயந்து ஒதுங்கினோம். அண்ணே மட்டும் புத்தகத்தைக் கரைத்துக் குடித்து, தாமாகவே ஒரு புரோகிராம் எழுதினார். பத்திரங்கள் எல்லாம் விசாரணைத் தேதிப்படி தனித்தனி ஃபோல்டரில் இருக்கும். ஆங்கில எழுத்தில் 'இன்னிக்கு' என்று தட்டினால் போதும், அன்றைய ஃபோல்டர் வந்து நிற்கும். வக்கீலே அசந்துபோனார்.

ஆனால் அணைத்தால் பெட்டிக்குத் தேதி மறந்துவிடும். தினமும் காலையில் கேட்கும். அண்ணே சுவர்க் காலண்டரில் தாளைக் கிழித்து, அதைப் பார்த்துத்தான் தேதி கொடுப்பார். ராகு காலத்தில் கிழிக்கவே மாட்டார். அதனால் திங்கட்கிழமைகளில் ஒன்பது மணிவரை எங்கள் ஆபீசில் சனிக்கிழமைதான்.

அப்படியொரு திங்களன்று எட்டரை மணிக்கு, லகாட் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து முனியம்மா அக்கா ஓடிவந்தார். தோட்டத்தை விற்றுவிட்டார்கள். அங்கே அவர் குடியிருந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்கு ஒன்பது மணிக்கு. கோர்ட்டில் கொடுக்க வேண்டிய அவருடைய சத்தியப் பத்திரம் பெட்டிக்குள் இருந்தது. அது இல்லாவிட்டால் வீடு போய்விடும்.

"அண்ணே, சீக்கிரம் அச்சடிச்சுக் குடுங்கண்ணே!"

"பொறுலா. இன்னும் சனிக்கெழமதான் ஓடுது."

"சும்மா திங்கக்கெழமன்னு தட்டுங்கண்ணே," என்றேன் நான்.

"காலண்டர்ல சனி, மெஷின்ல திங்களா? பொய்த் தேதி போட்டு சத்தியப் பத்திரம் எடுக்கச் சொல்றியா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் காலண்டரையே ஜன்னல் வழியாக வீசியிருப்பேன். அக்கா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"பூட்டுப் போட்டுருவாங்கண்ணே. அவரு படுத்த படுக்கையா உள்ள கெடக்காரு. எங்க தூக்கிட்டுப் போவேன்?"

அண்ணே காலண்டரைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "வர்றது எனக்கே வரட்டும்லா," என்று சனியையும் ஞாயிறையும் ஒரே இழுப்பில் கிழித்தார்.

தேதி தட்டி அச்சடித்த பத்திரத்தோடு அக்கா எதிரே இருந்த கோர்ட்டுக்கு ஓடினார். வழக்கு தள்ளிப்போனது, பூட்டு விழவில்லை.

அக்கா ஓடியதுமே அண்ணே பசை தடவி இரண்டு தாளையும் திரும்ப ஒட்டிவிட்டார். ஒன்பது அடித்ததும் காலண்டரைக் கும்பிட்டு, முறைப்படி மறுபடி கிழித்தார். நான் சிரித்ததற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ராகு காலத்தில் கூப்பிட்டார்கள் என்று அரசாங்க வேலை இன்டர்வியூவுக்கே போகாதவர் அவர் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் அந்தக் காலண்டரைப் பற்றி அவரை நான் கேலி செய்ததே இல்லை.