கடதாசிப் பூ வாடுமா?

பதுளை நகரில் குண்டூசியாரிடம் குத்து வாங்காத நெஞ்சே கிடையாது. அனுமதி உண்டா என்று அதட்ட வந்த பொலிஸ்காரரே மார்பில் சிவப்புக் கடதாசிப் பூவோடுதான் திரும்பிப் போனார்.

தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து பெரியாஸ்பத்திரியில் பார்க்க ஆளில்லாமல் கிடப்பவர்களுக்குப் பாலும் பாணும் வாங்கவே அந்த வசூல். குண்டூசியார் வாய் திறந்து கேட்கவே மாட்டார். முதலில் குண்டூசியால் நெஞ்சில் பூவைக் குத்துவார். பிறகு கழுத்தில் தொங்கும் டின்னை ஒருமுறை குலுக்குவார். குத்திய பூவைக் கழற்றிக் கொடுக்க எந்த மனிதனுக்கு மனம் வரும்?

புடவைக்கடை முதலாளி ஒருமுறை பழைய பூவையே குத்திக்கொண்டு தப்பப் பார்த்தார்.

"இது போன மாசப் பூவுங்க, முதலாளி. வாடிப்போச்சி."

"கடதாசிப் பூ எப்பிடிங்க வாடும்?"

"நீங்க போட்ட அஞ்சு சதத்துக்கு இம்புட்டு நாள் தாங்கினதே பெருசு!"

முதலாளி சிரித்தார். போட்டார்.

நான் மட்டும் தப்புவேனா? பண்டாரவளையில் ஆசிரியர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. பையில் பஸ்ஸுக்கென்று ஒரேயொரு ரூபாய். ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி பஸ் ஸ்டாண்டில் நின்றேன்.

"தம்பி, சப்பாத்துக் கயிறு அவுந்திருக்கு."

ஃபைலைக் கீழே வைத்துக் குனிந்தேன். கயிறு ஒழுங்காகத்தான் இருந்தது. நிமிர்ந்தபோது நெஞ்சில் பூ! கொழுந்தெடுக்கும் பெண்கள் இரண்டு பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மானம் பெரிதா, வேலை பெரிதா? ரூபாய் டின்னுக்குள் விழுந்தது.

பஸ் வந்தது. நான் அசையவில்லை.

"ஏறலீங்களா தம்பி?"

"கூட்டமா இருக்குங்க."

அடுத்ததும் வந்தது.

"இதுல கண்டக்டரத் தவிர ஆளே இல்லீங்களே!"

என் முகத்தைப் பார்த்தார். ஃபைலைப் பார்த்தார். புரிந்துவிட்டது. டின்னின் மூடியோ அரக்கு வைத்து ஒட்டியது. ஆஸ்பத்திரியில் தாதி உடைத்தால்தான் காசு வெளியே வரும். பஸ் நகரத் தொடங்கியது. குண்டூசியார் பாய்ந்து ஏறி, சிங்களக் கண்டக்டரின் நெஞ்சில் ஒரு பூவைக் குத்தினார். அவரும் பெருமூச்சோடு பைக்குள் கைவிட்டார்.

"காசு வேணாம் மல்லி," என்று அவரைச் சிங்களத்தில் தம்பியாக்கினார். "இந்தத் தம்பிய பண்டாரவளையில எறக்கி வுடு, போதும்."

வசூலையே தலைகீழாகப் பிடித்த அந்த வித்தையைப் பார்த்தபடியே ஓடிப்போய் ஏறினேன். நானும் கண்டக்டரும் ஒரே மாதிரிப் பூவோடு எதிரெதிரே உட்கார்ந்து போனோம்.

வேலை கிடைத்தது. அந்தப் பூ இப்போதும் என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. அவ்வப்போது எடுத்துப் பார்க்கிறேன்.

இன்னும் வாடவில்லை.